போடக்கூடாத பாட்டுகள்: அறிவிப்பாளர் மருமகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மருமகளுக்கு,

நீ போனில் சொன்னது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. உங்கள் எஃப்எம் கலையகக் கணினியில் சில பாட்டுகளுக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளி, போடக்கூடாதாம். ஏன் என்று கேட்டால் "மேலிடம்" என்கிறார்களாம். மேலிடத்துக்கு ஒரு பெயர் இருக்குமே, பிள்ளை?

பாட்டுக்குத் தடை புதிதல்ல. கொழும்பு வானொலி பெரிய ஆளானதே பக்கத்து வீட்டுத் தடையால்தான். 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி. வி. கேஸ்கருக்கு சினிமாப் பாட்டென்றால் ஆகாது. சாஸ்திரீய சங்கீதம்தான் வேண்டும் என்று அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை ஓரங்கட்டினார். நம் கொழும்பு வானொலியான ரேடியோ சிலோனுக்கு அடித்தது யோகம். அறிவிப்பாளர் அமீன் சயானி பம்பாயில் 'பினாகா கீத்மாலா' என்ற இந்தி சினிமாப் பாட்டு நிகழ்ச்சியை ஒலிப்பதிவு செய்வார், நாடா விமானமேறிக் கொழும்புக்கு வரும், இங்கிருந்து சிற்றலையில் இந்தியாவுக்கே திரும்பிப் போகும். புதன்கிழமை இரவானால் அங்கே ஊரே ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்தது. கடைசியில் 1957இல் டில்லி இறங்கி வந்து சினிமாப் பாட்டுப் போடும் விவித் பாரதி சேவையைத் தொடங்கியது. கேஸ்கர் செய்தது எனக்குப் பிடிக்கவில்லைதான். ஆனாலும் செய்தது யார், ஏன் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதனால் திட்டவாவது முடிந்தது.

விதி எழுத்தில் இருந்தால் இன்னொரு வசதியும் உண்டு. 1970இல் கிங்க்ஸ் என்ற ஆங்கிலேய ராக் குழுவின் 'லோலா' பாட்டில் 'கோகா கோலா' என்று வந்தது. விளம்பரம் கூடாது என்பது பிபிசியின் விதி. அமெரிக்கச் சுற்றுப்பயணத்தை இடையில் விட்டு குழுவின் பாடகர் ரே டேவிஸ் லண்டனுக்குப் பறந்து வந்து, அந்த இடத்தில் 'செரி கோலா' என்று பாடிக் கொடுத்தார். சரி, போட்டார்கள்!

தென்னாப்பிரிக்காவில் இன்னும் முரட்டுத்தனம். நிறவெறிக் காலத்தில் அரச வானொலி நூலகத்தில், பிடிக்காத பாட்டிருக்கும் இடத்தில் இசைத்தட்டையே கூரான ஆயுதத்தால் கீறி வைத்தார்கள். ஊசி அந்தத் தடத்தில் ஓடாது. அந்தக் கீறல் தட்டுகளை இன்றும் கையில் எடுத்துப் பார்க்கலாம். கணினிப் புள்ளியோ இரவோடிரவாக அழிந்தால் அப்படியொன்று இருந்ததற்கே சாட்சி கிடையாது.

நம் நாட்டிலும் நடந்ததுதான். 80களின் பிற்பகுதியில் சிங்களப் பாடகி நந்தா மாலினியின் 'பவன' பாடல்களை வானொலியில் ஒலிக்க விடவில்லை. அவரை மறந்து போனார்களா என்று உன் சிங்களத் தோழிகளிடம் கேட்டுப் பார்.

எல்லாப் பாட்டையும் போடு என்று நான் சொல்லவில்லை. ஒரு சாதியையோ சமயத்தையோ கேவலப்படுத்தும் பாட்டை நிறுத்தினால் நானே கை தட்டுவேன். காலையில் பள்ளிக்கூட வேனில் பிள்ளைகள் கேட்கும் நேரத்துக்கு ஒரு கணக்கு, இரவு பத்துக்குப் பிறகு ஒரு கணக்கு என்பதும் நியாயம்தான். ஆனால் எந்த வரி, என்ன காரணம், எத்தனை நாளைக்கு என்பதை எழுதித் தரச் சொல்.

தரமாட்டோம் என்றால் சண்டைக்குப் போகாதே, வேலை முக்கியம். அந்தப் பாட்டையும் சேர்த்தே உன் நிகழ்ச்சிப் பட்டியலை எழுதி மேலே அனுப்பு. வெட்டுகிறவர் தன் கையால் வெட்டி, கையெழுத்தும் போட்டுத் தரட்டும். ஒரு பிரதியை நீ வைத்துக்கொள்.

அன்புடன்,
மாமா
வெள்ளவத்தை