பட்டமா, ஆம்புலன்ஸா? இரண்டு வரி பதில் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் கல்விப் பக்கத்தில் ஒரு கல்லூரி மாணவரின் கேள்வி வந்திருந்தது. படிப்பில் மனம் ஒட்டவில்லை, ஆம்புலன்ஸில் அவசர மருத்துவ உதவியாளராகச் சேர வேண்டும் என்று ஆசை, கல்லூரியை நிறுத்திவிட்டுப் போகலாமா என்று கேட்டிருந்தார். 'முதலில் பட்டத்தை முடியுங்கள், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று இரண்டே வரியில் ஆலோசகர் பதிலை முடித்துவிட்டார். அந்தப் பதில் தப்பு என்று சொல்ல நான் எழுதவில்லை. ஆனால் அதை அந்தத் தம்பி வீட்டில் ஏற்கெனவே நூறு தடவை கேட்டிருப்பார். கேட்டும் மனம் ஆறாமல்தான் பத்திரிகைக்கு எழுதியிருக்கிறார்.

எனக்குத் தலை நரைத்ததே ஆம்புலன்ஸில்தான். இப்போது புதிதாக வருகிறவர்களைப் பழக்கும் பொறுப்பும் என்னிடம் இருக்கிறது. பாதிப் படிப்பில் வந்து நிற்கிற பிள்ளைகளை ஒவ்வொரு அணியிலும் பார்க்கிறேன். அவர்களிடம் நான் முதலில் கேட்பது மதிப்பெண்ணை அல்ல. 'வண்டியில் ஒரு முழு ஷிப்ட் உட்கார்ந்து பார்த்திருக்கிறாயா?' என்றுதான் கேட்பேன். பெரும்பாலும் இல்லை என்றுதான் பதில் வரும்.

செல்போன் காணொளிகளில் ஓடுகிற ஆம்புலன்ஸ் வேறு, நாங்கள் ஏறுகிற வண்டி வேறு. ஷிப்ட் தொடங்கியதும் ஆக்சிஜன் சிலிண்டரில் அழுத்தம் எவ்வளவு, சக்‌ஷன் கருவி சளியையும் ரத்தத்தையும் ஒழுங்காக இழுக்கிறதா, இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டரில் சார்ஜ் இருக்கிறதா, நெஞ்சில் ஒட்டும் அதன் பேடுகளுக்குக் காலாவதி தேதி என்ன, குழந்தைக்கான முகமூடி அதன் இடத்தில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். முந்தைய ஷிப்ட்காரர் 'எல்லாம் இருக்கு' என்று சொல்லிவிட்டுப் போனாலும் பார்க்க வேண்டும். அப்படிச் சொல்லிவிட்டுப் போனால் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும் என்பது என் அனுபவம். அதன் பிறகு அழைப்புகள் வரும். மூச்சுத்திணறல், சர்க்கரை இறங்கி மயக்கம், வலிப்பு, பிரசவ வலி, குடித்துவிட்டுக் கீழே விழுந்தவர், தடுக்கி விழுந்த முதியவர். ஒன்றுமே வராத மணிநேரங்களும் உண்டு. காய்ச்சலுக்கு வண்டியைக் கூப்பிட்டுவிட்டு, தாமதமாக வந்தோம் என்று சண்டை பிடிப்பவரும் உண்டு.

இதயம் நின்றுபோன நோயாளி அவ்வளவு அடிக்கடி வரமாட்டார். வந்தால் பாடத்தில் படித்ததை அப்படியே செய்தாக வேண்டும். நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தங்கள், பெரியவர்களுக்கு 5 முதல் 6 செ.மீ. ஆழம், 30 அழுத்தங்களுக்கு 2 மூச்சு. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும், ஏனென்றால் களைத்த கை தன்னையறியாமல் ஆழத்தைக் குறைத்துவிடும். வயதானவர் என்றால் தொடக்கத்திலேயே விலா எலும்பு முறிவது நம் உள்ளங்கைக்குத் தெரியும். அதற்காக நிறுத்தக் கூடாது. இத்தனையும் செய்தும் பலர் பிழைப்பதில்லை. மருத்துவமனையில் ஒப்படைத்துவிட்டு, படிவத்தில் நேரங்களை எழுதி, ஸ்ட்ரெச்சரைத் துடைத்து முடிப்பதற்குள் அடுத்த அழைப்பு வந்திருக்கும்.

ஒருமுறை இரண்டாமாண்டு மாணவர் ஒருவரைப் பார்வையாளராக என்னோடு அனுப்பினார்கள். லிஃப்ட் இல்லாத கட்டடம், மூன்றாவது மாடி, குளியலறையில் வழுக்கி விழுந்த ஒரு பாட்டி. ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. இடுப்பு முறிந்திருக்கும் என்று பார்த்ததுமே தெரிந்துவிடும் அடையாளம் அது. பாட்டிக்கோ வலியைவிட, ஈர உடையோடு அத்தனை பேர் முன்னால் கிடப்பதுதான் பெரிய வேதனை. தொடவே விடவில்லை. கூடப் போனவன் அதுவரை சுவரோடு சுவராக ஒட்டி நின்றான். அப்புறம் தானாகவே போர்வையை எடுத்து, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, 'பாட்டி, நான் போர்த்திவிடறேன், யாரும் பார்க்க மாட்டாங்க' என்றான். அதற்குப் பிறகுதான் அவரைத் தூக்க முடிந்தது. படியில் இறக்கும்போது பாரம் முழுவதும் கீழே நிற்பவர் தலையில்தான் விடியும். வண்டிக்கு வந்து சேர்ந்தபோது அவன் முழங்கால் நடுங்கியது. திரும்பி வருகிற வழியில், 'இவ்வளவுதானாக்கா?' என்று கேட்டான். இவ்வளவுதான் என்றேன். மறுவாரமும் வந்தான். வராமல் போனவர்களும் உண்டு. அவர்கள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆளையும் காலத்தையும் வீணாக்காமல் முன்கூட்டியே தெரிந்துகொண்டார்களே!

கல்லூரியா வேலையா என்று தராசில் வைப்பதற்கு முன், இந்தத் தொழிலில் படிகள் உண்டு என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் நாளிதழைப் பல நாடுகளில் படிக்கிறார்கள் என்பதால் பொதுவாகவே சொல்கிறேன். அமெரிக்காவில் இ.எம்.டி. எனப்படும் அடிப்படை நிலைக்கு ஏறக்குறைய 150 முதல் 200 மணி நேரப் பயிற்சி போதும். கல்லூரியில் இருந்துகொண்டே மாலை நேரத்திலோ நீண்ட விடுமுறையிலோ முடிக்கக்கூடிய அளவுதான். அதற்கு மேற்படியான பாராமெடிக் நிலைக்கு 1,000 மணி நேரத்துக்கு மேல் போகும். படிப்போடு மோதுவது அந்தக் கட்டத்தில்தான். பிரிட்டனில் நிலைமையே வேறு. 2021 செப்டம்பர் முதல் புதிதாகப் பாராமெடிக் ஆகப் பட்டப்படிப்பு அளவிலான கல்வி வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2018 டிசம்பர் முதல் பாராமெடிக்குகள் தேசிய அளவில் பதிவு பெற்றாக வேண்டும். அங்கும் வழக்கமான வழி பட்டம்தான். இந்தியாவில் 2021-இல் வந்த துணை மருத்துவப் பணியாளர் சட்டம் இந்தத் தொழிலையும் ஒழுங்குமுறைக்குள் கொண்டுவந்திருக்கிறது. ஆக, சில நாடுகளில் 'கல்லூரியை விட்டுவிட்டு ஆம்புலன்ஸுக்குப் போகிறேன்' என்று சொல்வதற்கே இடமில்லை. ஒரு கல்லூரியை விட்டு இன்னொரு கல்லூரிக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

இன்னொரு விஷயத்தை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. இந்தச் சான்றிதழ்கள் வாங்கிப் பெட்டியில் பூட்டி வைக்கிற நகை அல்ல. அமெரிக்கத் தேசியச் சான்றிதழை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பிரிட்டனில் பதிவும் அப்படித்தான். அடிப்படைப் பயிற்சியை முடித்துவிட்டு வண்டிப் பக்கமே போகாமல் இருந்தால் தாளும் காலாவதியாகும், கையும் மறந்துபோகும். கல்லூரிப் பக்கமும் இதே கதைதான். எத்தனை ஆண்டுக்குள் முடிக்க வேண்டும் என்று பல்கலைக்கழகங்கள் உச்சவரம்பு வைத்திருக்கின்றன.

தாளுக்கும் கைக்கும் உள்ள பிணக்குக்கு நான் எப்போதும் சொல்கிற உதாரணம் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்தில் நடந்தது. அங்கே 1967-இல் 'ஃப்ரீடம் ஹவுஸ்' ஆம்புலன்ஸ் சேவை தொடங்கியது. அதில் சேர்க்கப்பட்டவர்கள் வேலையில்லாத கறுப்பின இளைஞர்கள். பலர் பள்ளிப் படிப்பையே முடிக்காதவர்கள். செயற்கைச் சுவாச முறையை வளர்த்தெடுத்தவர்களில் முக்கியமானவரான டாக்டர் பீட்டர் சஃபார் அவர்களுக்கான பயிற்சியை வகுத்தார். அந்தக் காலத்தில் பல ஊர்களில் ஆம்புலன்ஸ் என்றால் நோயாளியைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடுகிற வண்டி, அவ்வளவுதான். இவர்களோ வழியிலேயே சிகிச்சை கொடுத்தார்கள். பின்னாளில் அவர்களுடைய மருத்துவ இயக்குநராக வந்த டாக்டர் நான்சி கரோலைன் அங்கிருந்து உருவாக்கிய பாடத்திட்டம்தான் அமெரிக்கா முழுவதும் பாராமெடிக் பயிற்சிக்கு அடித்தளமானது. ஆனால் 1975-இல் நகராட்சி தன் சொந்தச் சேவையைத் தொடங்கியதும் என்ன நடந்தது? தேர்வு, தகுதி என்று புது வரையறைகள் வந்தன. அதுவரை உயிர் காத்த பலர் ஓரம் கட்டப்பட்டார்கள். நிறவெறிதான் முதல் காரணம், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அந்த வெறி கையில் எடுத்துக்கொண்ட ஆயுதம் தகுதித் தாள். நிர்வாகம் மாறும்போது கைத்திறமைக்குச் சாட்சி சொல்ல ஆள் இருக்கமாட்டார்கள்.

உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். இருபது வயதில் மூன்று மாடி இறக்குவது விளையாட்டு. நாற்பதில் இடுப்பு பேசத் தொடங்கும், பிறகு முழங்கால். இரவு ஷிப்ட் தூக்கத்தைத் தின்கிறது. குழந்தைகள் சம்பந்தப்பட்ட அழைப்புகள் மனதில் தங்கிவிடுகின்றன. அதைப் பேசித் தீர்க்க எல்லா இடத்திலும் ஆளும் இல்லை, வழக்கமும் இல்லை. எங்கள் தொழிலில் கடைசிவரை ஸ்ட்ரெச்சர் தூக்கியே ஓய்வு பெறுகிறவர்கள் குறைவு. கட்டுப்பாட்டு அறை, பயிற்சி, தரக் கண்காணிப்பு, பேரிடர் மேலாண்மை, நர்சிங் என்று எங்காவது நகர்ந்தாக வேண்டும். நகரும்போதுதான் விண்ணப்பப் படிவத்தில் 'பட்டம்' என்ற கட்டம் கண்ணில் படும்.

எனக்கு அது நேரடியாகவே தெரியும். நான் வணிகவியல் இரண்டாமாண்டில் இருந்தபோது இந்தப் பயிற்சிக்கு வந்தேன். நிறுத்திவிட்டு வரவில்லை, கல்லூரியில் எழுதிக் கொடுத்து இடைவிடுப்பு வாங்கிக்கொண்டு வந்தேன். அப்புறம் தொலைநிலைக் கல்வியில் மீதியை முடித்தேன். செலவுக் கணக்கியல் புத்தகத்தை வண்டியின் பின்பகுதி விளக்கொளியில் வைத்துப் படித்தது நினைவிருக்கிறது. எங்கள் டிரைவர் அண்ணன் முன்சீட்டிலிருந்தே கேள்வி கேட்பார், விடை சரியா என்று அவருக்கும் தெரியாது. செலவுக் கணக்கியல் ஒரு நோயாளியையும் காப்பாற்றவில்லை. ஆனால் பயிற்சியாளர் பணிக்கு ஆள் எடுத்தபோது நான் விண்ணப்பிக்க முடிந்தது. என்னோடு சேர்ந்த ஒருத்தி, ஓடுகிற வண்டியில் ஒரே குத்தில் நரம்பைப் பிடிப்பவள், விண்ணப்பிக்கவே முடியவில்லை. அது நியாயமில்லை என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். அதைச் சொல்வதற்கு என்னிடம் பதவி இருந்தது, அவளிடம் இல்லை.

எனவே என்னிடம் வருகிறவர்களுக்கு நான் ஒரே பதிலைச் சொல்வதில்லை. ஒன்றிரண்டு செமஸ்டர்தான் பாக்கி என்றால் வம்படியாகத் திருப்பி அனுப்பிவிடுவேன்: முடித்துவிட்டு வா, வண்டி எங்கும் போய்விடாது. முதலாமாண்டு, படிப்பில் துளியும் ஈடுபாடில்லை, கட்டணத்துக்குக் கடன் வேறு ஏறுகிறது என்றால், அந்தப் பாடத்தையே முடித்துத் தீர வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிக்க மாட்டேன். அவசர மருத்துவத்திலேயே பட்டயமோ பட்டமோ எடுக்கலாமே. நடுவில் மாட்டிக்கொண்டவர்கள்தான் சிக்கல். அவர்கள் முதலில் விடுமுறையில் அடிப்படைப் பயிற்சியை முடிக்கட்டும், பகுதி நேரமாக வண்டியில் ஏறட்டும். அதற்குப் பிறகும் ஆசை குறையவில்லை என்றால் முறைப்படி இடைவிடுப்பு எடுத்துக்கொள்ளட்டும். சொல்லாமல் கொள்ளாமல் வகுப்புக்குப் போவதை நிறுத்துவதுதான் எல்லாவற்றிலும் மோசம். அட்டெண்டன்ஸ் போய், அரியர் ஏறி, பிறகு திரும்பிப் போக நினைத்தாலும் கதவு திறக்காது. அரியருக்குப் பயந்து வண்டிக்கு ஓடி வருகிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். எங்கள் தேர்விலும் உடற்கூறியல் உண்டு, மருந்தளவுக் கணக்கு உண்டு. அதில் தப்பு விட்டால் வெறும் மதிப்பெண்ணோடு போகாது.

டாக்டராகும் குறுக்கு வழி என்று நினைத்து வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இது மருத்துவக் கல்லூரிக்குப் பின்வாசல் அல்ல. நோயாளியோடு பேசப் பழகலாம், அது பின்னால் உதவும். ஆனால் நுழைவுத் தேர்வை நுழைவுத் தேர்வாகத்தான் எழுதியாக வேண்டும்.

பெற்றோரைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. 'படிப்பைக் கெடுத்துக்கொண்டான்' என்கிற பயம் நியாயமானது. ஆனால் அவர்கள் பயப்படுவது பெரும்பாலும் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போகிற வேலை என்று நினைத்துக்கொண்டு. பிள்ளை ஏறப்போகிற வண்டியை அவர்களும் ஒருமுறை உள்ளே ஏறிப் பார்க்கலாம். கேட்டால் நாங்கள் மறுப்பதில்லை.

கல்லூரிகளிடம் ஒரு கோரிக்கை. இடைவிடுப்புக்கு விதி இருக்கிறது என்பதே பல மாணவர்களுக்குத் தெரியவில்லை. எத்தனை காலம் விடுப்பு கிடைக்கும், திரும்பி வந்தால் பழைய பாடத்திட்டமா புதியதா, கட்டணம் என்ன ஆகும் என்பதை ஒரு பக்கத்தில் அச்சடித்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் பாதிக் குழப்பம் தீரும். இரவு ஷிப்ட் பார்க்கிற மாணவருக்கு வருகையில் கொஞ்சம் தளர்வு கொடுத்தாலும் குடி முழுகிவிடாது.

ஆலோசகருக்கும் ஒன்று. கேள்வி கேட்ட மாணவர் எத்தனையாவது ஆண்டில் படிக்கிறார், எந்த நாட்டில் வேலை பார்க்க நினைக்கிறார், அரியர் எத்தனை, வண்டியில் ஒரு நாளாவது போய்ப் பார்த்தாரா என்று எதுவுமே பதிலில் இல்லை. அவரிடம் இந்த நான்கையும் கேட்டு மறுபடி எழுதும்படி வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
அவசர மருத்துவ உதவியாளர்களுக்குப் பயிற்சி தரும் ஒரு வாசகி