ஐஓ சார், அந்த அம்மாவோட மஞ்சப்பையை நீங்க பிரிச்சுப் பாத்திருக்கலாம்

ஐஓன்னா விசாரணை அதிகாரி. கொலை கேஸ் விசாரிக்கிற எல்லா இன்ஸ்பெக்டர் சாருக்கும் மேடத்துக்கும் வணக்கம்.

நான் செஷன்ஸ் கோர்ட்ல லீகல் எய்டு (இலவச சட்ட உதவி) கேஸ் பாக்குற வக்கீல். நாம ரெண்டு பேரும் பேசிக்கிறதே உங்களை கூண்டுல ஏத்தி நான் கிராஸ் (குறுக்கு விசாரணை) பண்ணும்போதுதான், அங்க நீங்களும் மனசுல இருக்கறத சொல்ல மாட்டீங்க நானும் சொல்ல மாட்டேன், அதான் லெட்டரா எழுதுறேன்.

போன வருஷம் ஒரு கேஸ் வந்துச்சு. பையனுக்கு இருபத்தி சொச்சம் வயசு, சொந்த சித்தப்பாவ மண்வெட்டியால அடிச்சுட்டான், சண்டை இல்ல, சொத்துத் தகராறு இல்ல, அன்னைக்கு காலைல அந்த சித்தப்பாதான் அவனுக்கு டீ வாங்கிக் குடுத்திருக்கார். அடிச்சுட்டு ஓடவும் இல்ல, பம்புசெட் மேடையில உக்காந்து தண்ணியப் பாத்து யார்கிட்டயோ பேசிட்டு இருந்திருக்கான், நீங்க ஜீப்ல ஏத்துற வரைக்கும். கேஸ் என் கைக்கு வரும்போது 7 மாசம் ஆயிடுச்சு. ஜெயில்ல மனநோய்க்கு மாத்திரை குடுத்து ஆளு தெளிஞ்சுட்டான், கைகட்டி நின்னு "ஒண்ணும் ஞாபகம் இல்லீங்கண்ணா"ன்றான். இவனப் பாத்தா எந்த ஜட்ஜுக்குத்தான் நம்பத் தோணும்?

அவங்க அம்மா ஒரு மஞ்சப்பையக் கொண்டாந்து என் டேபிள்ல கொட்டுச்சு. ஓபி சீட்டு நாலஞ்சு, ஒண்ணு மழைல நனைஞ்சு மை ஊறிப் போயிருக்கு. ஒரு அட்டை ரிஸ்பெரிடோன், மனநோய் மாத்திரை, பத்துல ரெண்டுதான் சாப்பிட்டிருக்கான், மீதி எட்டு அப்படியே இருக்கு. மாத்திரைய எப்ப நிறுத்தினான்னு அந்த அட்டையே சொல்லுது. "ஸ்டேஷன்லயே காட்டினேன் சாமி, கோர்ட்ல குடும்மான்னுட்டாங்க"ன்னுச்சு.

கோர்ட்ல குடுக்கலாம்தான். ஆனா சட்டம் என்ன கேக்குதுன்னு பாருங்க. பழைய ஐபிசி (இந்திய தண்டனைச் சட்டம்) 84, இப்ப அதுக்குப் பதிலா வந்த பிஎன்எஸ் 22. செயல் செஞ்ச அந்த நேரத்துல, புத்தி சுவாதீனம் இல்லாததால, தான் என்ன செய்யறோம்னோ அது தப்புன்னோ சட்டத்துக்கு விரோதம்னோ தெரிஞ்சுக்க முடியாத நிலைல இருந்தாத்தான் அது குற்றம் இல்ல. வியாதி இருக்குன்னு சர்டிபிகேட் இருந்தா மட்டும் போதாது, 7 மாசம் கழிச்சு டாக்டர் சொல்றதும் போதாது, சம்பவத்துக்கு முன்னாடி, அப்போ, உடனே அப்புறம் ஆளு எப்படி இருந்தான்னு கோர்ட் கேக்கும், 1964லயே சுப்ரீம் கோர்ட் சொன்னது. அதை நிரூபிக்கிற பொறுப்பு எங்க தலைல, பழைய சாட்சிய சட்டம் 105, இப்ப புது சாட்சிய சட்டமான பிஎஸ்ஏ 108. சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்க வேண்டாம், இருந்திருக்கலாம்னு தோணுற அளவுக்குக் காட்டினா போதும்தான். ஆனா அந்த நேரத்துல பக்கத்துல இருந்தது நானா? முதல்ல போய்ப் பாத்தது நீங்க.

இதையும் நானா சொல்லல. விசாரணைல அவனுக்கு ஏற்கனவே மனநோய் இருந்ததுன்னு தெரிய வந்தா, உடனே மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பி அந்த ஆதாரத்த கோர்ட் முன்னாடி வைக்கிறது நேர்மையான விசாரணை அதிகாரியோட கடமை, செய்யலன்னா அரசுத் தரப்பு கேஸ்லயே அது பெரிய ஓட்டை, சந்தேகத்தோட பலன் எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, போகணும்னு சுப்ரீம் கோர்ட் 2007ல ஒரு ராஜஸ்தான் அப்பீல்ல எழுதியிருக்கு. (அந்த அப்பீல்ல எதிரிக்கு விடுதலை கிடைக்கலன்றதையும் சொல்லிடறேன், இல்லன்னா உங்க பிபி, அரசு வக்கீல், சொல்லுவார்.)

இன்னொரு தீர்ப்பு, 2002. 1994ல மகாராஷ்டிராவுல ஒருத்தர் மனைவிய அரைக்கிற கல்லால அடிச்சுக் கொன்னுட்டார். அவரும் உங்க துறைதான், போலீஸ் கான்ஸ்டபிள். பாரனாய்ட் ஸ்கிசோஃப்ரீனியான்ற கடுமையான மனநோய், அவங்க அப்பாவுக்கும் மனநோய் இருந்திருக்கு, கொன்னுட்டு மறைக்கவோ ஓடவோ பாக்கல. சம்பவத்துக்கு அப்புறம் அந்த வருஷம் ஜூன்ல இருந்து டிசம்பருக்குள்ள 25 தடவை சிகிச்சைக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்கன்னு ரெக்கார்ட் இருந்துச்சு, விடுதலை ஆச்சு. ரெக்கார்ட் இருந்துச்சு பாருங்க, எனக்கு அங்கதான் பொறாமை. எங்க ஊர்ல பாதிப் பேர் ஆஸ்பத்திரிக்கே போறதில்ல, குணசீலம் கோயில்ல 48 நாள் வச்சிருப்பாங்க, இல்ல ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிட்டுப் போவாங்க, அதுக்கு கேஸ் ஷீட்டா இருக்கும்? அங்க கூடத் தங்கினவங்கதான் சாட்சி, அவங்கள வாரத்துக்குள்ள தேடினா கிடைப்பாங்க, வருஷம் கழிச்சு நான் தேடினா எங்க கிடைப்பாங்க.

"இதெல்லாம் கோர்ட் பாத்துக்கும், எங்க வேலை சார்ஜ் ஷீட் போடறது"ன்னு நீங்க சொல்றது எனக்குத் தெரியும். ஆனா பிஎன்எஸ் 3(1)ல குற்றத்துக்கான ஒவ்வொரு விளக்கத்தையும் பொது விதிவிலக்குகளுக்கு உட்பட்டுத்தான் படிக்கணும்னு இருக்கு, மேல சொன்ன 22ம் அந்த விதிவிலக்குகள்ல ஒண்ணுதான். அதுக்குக் கீழ குடுத்திருக்கற ஒரு உதாரணமே போலீஸ்காரர்தான், கொலைகாரன வாரண்ட் இல்லாம பிடிச்சா அது சட்டவிரோதக் காவல் குற்றம் ஆகாதுன்னு. உங்களக் காப்பாத்துறதும் அதே அத்தியாயம். அதோட 2012ல மதுரைல, மகள்கிட்ட தப்பா நடக்கப் போன புருஷன அடிச்சுக் கொன்ன ஒரு அம்மாவ, ஐபிசி 100ன்படி தற்காப்புன்னு சொல்லி போலீஸே விட்டுச்சு. அன்னைக்கு விதிவிலக்கப் படிச்சது கோர்ட் இல்ல, உங்க ஆளுங்கதான்.

நான் எங்க பையன விடச் சொல்லல. அவன் தப்பிச்சுடுவான்னு பயப்படவும் வேண்டாம். புத்தி சுவாதீனம் இல்லன்னு விடுதலை ஆனாலும், செயலச் செஞ்சது இவன்தான்னு தீர்ப்புல எழுதினா கோர்ட் அவனப் பாதுகாப்பான காவல்ல வைக்கச் சொல்லும், இல்ல ஜாமீன் வாங்கிட்டு சொந்தக்காரங்க பொறுப்புல விடும், புது குற்ற நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ் 374. சினிமால வர்ற மாதிரி சர்டிபிகேட்ட ஆட்டிக்கிட்டு வெளிய வர்றதெல்லாம் கிடையாது.

கேக்கறது சின்ன விஷயம். ரிமாண்டுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட காட்டறப்போ காயம் இருக்கா இல்லையான்னு மட்டும் கேக்காம மனநல டாக்டர் பாக்கணும்னு மெமோ குடுங்க. பக்கத்து வீட்டுக்காரர் "அவன் ஒரு மாதிரிங்க"ன்னு சொன்னா அந்த வரியயும் ஸ்டேட்மென்ட்ல எழுதுங்க, எங்க கேஸ்ல அவர் சொன்னார், சார்ஜ் ஷீட்ல அந்த வரி இல்ல, நான் கிராஸ்ல கேட்டதுக்கு "அப்படி யாரும் சொல்லல"ன்னுட்டாங்க. அம்மா பையத் தூக்கிட்டு வந்தா ஒரு மகஜர் போட்டு வாங்கிக்கோங்க. மாத்திரை அட்டையயும் சேத்து.

இப்படிக்கு,
அடுத்த வாய்தாவுக்கும் அந்தப் பையத் தூக்கிட்டு வரப்போற வக்கீல்