கோடியக்கரை வெளிமான்களுக்குத் தெருநாய்களால் ஆபத்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடியக்கரை என்றதும் வலசை வரும் பறவைகளைப் பற்றியே பலரும் பேசுகிறோம். ஆனால் 1967ஆம் ஆண்டு அந்தச் சரணாலயம் அமைக்கப்பட்டதன் முதன்மை நோக்கம் வெளிமான்களைக் காப்பதே. அந்த மான்களை இன்று தெருநாய்கள் கூட்டமாக விரட்டிக் கடிப்பது, இப்பகுதியில் வாழும் எங்களுக்குப் பெரும் வேதனை அளிக்கிறது.

முழு வளர்ச்சி பெற்ற வெளிமானைத் திறந்த புல்வெளியில் நாயால் எளிதில் எட்டிப் பிடிக்க முடியாது. கன்றின் நிலை வேறு. பிறந்த புதிதில் தாய் அதைப் புல் மறைவில் விட்டுவிட்டுச் சற்று விலகி மேயும். யாரேனும் நெருங்கினாலும் கன்று கழுத்தை மண்ணோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் படுத்திருக்கும். கண்ணுக்குத் தப்ப உதவும் இந்தப் பழக்கம், மோப்பம் பிடித்து வரும் நாய்களிடம் பலிப்பதில்லை. நரியும் கன்றைத் தூக்கும் என்பது உண்மைதான். ஆனால் நரி அந்தக் காட்டுக்கே உரிய விலங்கு, காடு தரும் இரைக்கு மேல் அது பெருகுவதில்லை. நாய்களோ நாம் கொட்டும் கழிவைத் தின்று பெருகுகின்றன. புல்வெளியில் சீமைக்கருவேலம் பரவி மான்களின் பார்வையை மறைப்பதும், மட்டக்குதிரைகள் அதே புல்லையும் நன்னீரையும் பங்குபோடுவதும் இந்த ஆபத்தை மேலும் கூட்டுகின்றன. 2018 நவம்பரில் வீசிய கஜா புயலில் மான்கள் பல மடிந்த பிறகு, ஒவ்வொரு கன்றும் பிழைப்பது முன்னிலும் முக்கியமாகியிருக்கிறது.

அக்டோபர் முதல் மார்ச் வரையிலான மீன்பிடிக் காலத்தில் வெளியூர் மீனவர்களும் கோடியக்கரையில் தங்கித் தொழில் செய்கிறார்கள். கரையில் ஒதுக்கப்படும் கழிவு மீனும் குடலும் செவுளும் நாய்களுக்குத் தீனியாகின்றன; படகுகள் ஊர் திரும்பியதும் அந்த நாய்கள் பசியோடு காட்டுப் பக்கம் திரும்புகின்றன. இதில் மீனவர்களைக் குறை சொல்வது நியாயமாகாது. கழிவைச் சேர்க்கத் தொட்டியும் அன்றாடம் அள்ளிச் செல்ல வண்டியும் ஏற்பாடு செய்யவேண்டியது உள்ளாட்சி நிர்வாகத்தின் கடமை.

சரணாலயத்தைச் சுற்றி 5 கிலோமீட்டருக்குள் உள்ள கால்நடைகளுக்குத் தடுப்பூசி போடவேண்டும் என்று வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. அதே எல்லைக்குள் உள்ள நாய்கள் அனைத்துக்கும் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் செய்ய வனத்துறையும் கால்நடை பராமரிப்புத் துறையும் இணைந்து முன்வர வேண்டும். கருத்தடை செய்த நாயைப் பிடித்த இடத்திலேயே விடவேண்டும் என்பது 2023ஆம் ஆண்டு விதி. தெருக்களுக்கு அது பொருந்தலாம். காட்டுக்குள் பிடிபடும் நாயை மீண்டும் மான்களிடையே விடுவது எவ்வகையிலும் சரியாகாது. அத்தகைய நாய்களுக்கு வேதாரண்யம் பகுதியில் ஒரு காப்பகம் அமைத்து, அடுத்த மீன்பிடிக் காலம் தொடங்குமுன் பணியைத் தொடங்குமாறு மாவட்ட நிர்வாகத்தைத் தங்கள் இதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வேதாரண்யம்.