93 சதவீதம் என்னும் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நாம் உணர்த்தும் பொருளில் 93 சதவீதம் சொல்லில் இல்லை, குரலிலும் முகத்திலும் உடலசைவிலுமே இருக்கிறது என்ற கணக்கு, ஆளுமைப் பயிற்சி வகுப்புகளிலும் வேலைவாய்ப்புக் கட்டுரைகளிலும் அறிவியல் முடிவைப் போலத் திரும்பத் திரும்பச் சொல்லப்படுவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அமெரிக்க உளவியலாளர் ஆல்பர்ட் மெராபியன் 1967இல் வெளியிட்ட இரண்டு ஆய்வுகளிலிருந்து இந்தக் கணக்கு பிறந்தது. அவற்றுள் ஒன்றில், 'இருக்கலாம்' என்று பொருள்படும் ஒற்றை ஆங்கிலச் சொல்லை வெவ்வேறு தொனிகளில் பதிவுசெய்து, வெவ்வேறு முகபாவம் கொண்ட புகைப்படங்களுடன் சேர்த்துக் காட்டி, பேசியவரின் மனத்தில் இருப்பது விருப்பா வெறுப்பா என்று ஊகிக்கச் சொன்னார்கள். சொல்லுக்கு 7, குரலுக்கு 38, முகத்துக்கு 55 என்ற பங்கீடு விருப்பு வெறுப்பைப் பற்றிய பேச்சுக்கு மட்டுமே பொருந்தும் என்று மெராபியனே பின்னர் தெளிவுபடுத்தியிருக்கிறார். மருந்தை எத்தனை வேளை சாப்பிட வேண்டும் என்பதை மருத்துவரின் முகத்தைப் பார்த்து எவரால் அறிந்துகொள்ள முடியும்?

சொல்லற்ற மொழியின் ஆற்றலை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பிறவியிலேயே பார்வையற்றவர்கள், தம்மைப் போலவே பார்வையற்ற ஒருவரிடம் பேசும்போதும் கைகளை அசைத்தே பேசுகிறார்கள் என்று 1998இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பிறரைப் பார்த்துக் கற்க வழியில்லாத கை, பார்ப்பவர் இல்லாத இடத்திலும் அசைகிறது என்றால், எண்ணம் சொல்லாக உருவெடுப்பதிலேயே அதற்கு ஏதோ பங்கு இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். என்னைப் பெரிதும் வியக்கவைத்த செய்தி இது.

ஆனால், உடலைப் பார்த்தே உள்ளத்தைப் படித்துவிடலாம் என்ற துணிவுதான் என்னை வருத்துகிறது. கண்ணைப் பார்த்துப் பேசாதவர் பொய் சொல்கிறார் என்ற நம்பிக்கையால், நேர்காணல்களிலும் விசாரணைகளிலும் கூச்சம் உள்ளவர்களும் அச்சத்தில் இருப்பவர்களும் ஆட்டிசம் உள்ளவர்களும் வாய் திறக்கும் முன்பே தவறாக எடைபோடப்படுகிறார்கள். இத்தனைக்கும், 24,000-க்கும் மேற்பட்டோரின் கணிப்புகளைத் தொகுத்து 2006இல் வெளியான ஆய்வில், பொய்யையும் உண்மையையும் அவர்கள் சரியாகப் பிரித்தறிந்தது சராசரியாக 54 சதவீதம்தான். கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருந்தாலே பாதி சரியாக இருந்திருக்கும்.

எனவே, இனி இந்தக் கணக்கைத் தங்கள் நாளிதழில் எவரேனும் எடுத்தாண்டால், அது எந்தச் சோதனையில் கிடைத்தது என்பதையும் உடன் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். நேர்காணல் நடத்துபவர்கள், எதிரில் இருப்பவர் பார்வையைத் தாழ்த்தியதும் முடிவுகட்டிவிடாமல், இன்னொரு கேள்வி கேட்டு அவருடைய பதிலுக்குக் காத்திருக்க வேண்டும்.

இங்ஙனம்,
தங்கள் வாசகர்