கொக்கி வீசிய விண்கலம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் ‘ஸ்டார் டிரெக்’ என்ற அமெரிக்க விண்வெளி டிவி தொடர் வரிசை பற்றி எழுதியவர், 2001-இல் வந்த ‘எண்டர்பிரைஸ்’ தொடரைத் ‘தேவையற்ற முன்கதை’ என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டார். குடியாத்தத்தில் முப்பது ஆண்டுகள் டிவி பழுது பார்த்தவன் நான். எனக்கு அதில் உடன்பாடில்லை.

1980களில் தூர்தர்ஷனில் ஞாயிறு காலையில் அந்த வரிசையின் முதல் தொடரான கேப்டன் கிர்க் கதை ஓடும். அந்த நேரம் பார்த்துத்தான் காற்றில் ஆண்டெனா திரும்பிக்கொள்ளும். மொட்டை மாடியில் குழாயைப் பிடித்து நான் திருப்புவேன். கீழிருந்து, “வந்துவிட்டது, வந்துவிட்டது... ஐயோ, போய்விட்டது!” என்று குரல் வரும். பாதிக் கதையைக் காதால்தான் கேட்டேன். கிர்க்கின் துணை அதிகாரி ஸ்போக்கின் காது கூரானது என்பதே எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.

கிர்க் ஒரு வார்த்தை சொன்னால் போதும், டிரான்ஸ்போர்ட்டர் ஆளைக் கரைத்து வேறிடத்தில் சேர்த்துவிடும். வாராவாரம் கப்பலைத் தரையிறக்கிக் காட்டச் செலவாகும் என்பதால் தயாரிப்பாளர்கள் கண்ட வழி அது. முன்கதையோ 2151-இல், கிர்க்குக்கு நூறாண்டுக்கும் முன்னால் தொடங்குகிறது. அதே இயந்திரத்தில் ஏற எல்லோருக்கும் பயம். பயத்துக்குக் காரணமும் உண்டு. புயலில் சிக்கிய ஒருவனை அவசரமாக மேலே இழுக்கிறார்கள். வந்து சேர்ந்தவனின் தோலுக்குள் இலையும் குப்பையும் பதிந்திருக்கின்றன. புதிதாக வந்த எந்தப் பெட்டியையும் முதல் முறை பிரித்தவனுக்கு அந்தக் காட்சி புரியும்.

பிற்காலக் கப்பல்கள் கதிர் வீசி இன்னொரு கலத்தை இழுக்கும். முன்கதையின் கேப்டன் ஆர்ச்சரின் கப்பலில் கயிறும் கொக்கியும்தான். கிணற்றில் விழுந்த வாளியை எடுக்க எங்கள் வீட்டில் வைத்திருந்த பாதாளக்கரண்டி நினைவுக்கு வந்து, தனியே உட்கார்ந்து சிரித்தேன். இப்படிப்பட்ட எளிய தொடக்கக் கருவிகள் எனக்குப் பிடிக்கும். ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாய்வகத்தில் 1986-இல் திறந்த 2.34 மீட்டர் தொலைநோக்கியைத்தான் எல்லோரும் புகழ்வார்கள். 1968-இல் அங்கே வேலை தொடங்கியது 38 சென்டிமீட்டர் கருவி. அந்த மலை ஏறும்போதெல்லாம் எனக்கு அந்தச் சின்னதன் மேல்தான் பிரியம்.

குறையே இல்லை என்று சொல்லவில்லை. தொடக்கப் பாட்டு விண்வெளிக் கதைக்கு ஒட்டவே இல்லை. ஒவ்வொரு முறையும் ஒலியைக் குறைத்தேன். முதல் இரண்டு ஆண்டுகளில் சில பகுதிகள் வெறும் இழுவை. நான்காம் ஆண்டில் நன்றாகச் சூடு பிடித்தது, அத்துடன் நிறுத்திவிட்டார்கள். அதற்கு முந்தைய மூன்று தொடர்களுக்கும் ஏழேழு ஆண்டுகள் கிடைத்தன.

என் கோபமெல்லாம் 2005 மே மாதம் வந்த கடைசிப் பகுதி மேல்தான். இருநூறு ஆண்டுகள் கழித்து வாழும், வேறொரு ஸ்டார் டிரெக் தொடரின் அதிகாரியான ரைக்கர், இவர்களின் கதையைச் செயற்கைக் காட்சியாக ஓடவிட்டு வேடிக்கை பார்க்கிறார். சமையல்காரர் வேடத்தில் உள்ளே நுழைந்து அவர்களிடம் பேச்சும் கொடுக்கிறார். தலைமைப் பொறியாளர் டிரிப், கப்பலின் மெக்கானிக் என்றே சொல்லலாம், அந்தக் காட்சிக்குள்தான் சாகிறார். நான்கு ஆண்டுகள் கூடவே வந்தவரின் சாவை இன்னொருவர் பொழுதுபோக்காகக் காட்டியது எனக்கு ஆறவில்லை. ஆர்ச்சர் மேடையேறிப் பேசப் போகும்போது ரைக்கர் காட்சியை நிறுத்திவிடுகிறார். அந்தப் பேச்சு நமக்குக் கிடைப்பதே இல்லை.

கட்டுரையாளர் திட்டுவதென்றால் அந்த ஒரு பகுதியைத் திட்டட்டும், நானும் சேர்ந்துகொள்கிறேன். மகன் பெங்களூரிலிருந்து வாங்கி வந்த டிவிடிகளை ஆண்டுக்கு ஒரு முறை போட்டுப் பார்ப்பேன். கடைசிக்கு முந்தைய பகுதி முடிந்ததும் பெட்டியை அணைத்துவிடுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டிவி மெக்கானிக்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.