சைக்கிள் சார்ட் எழுதிக் கொடுக்கும் கோச்சுகளுக்கு

மாஸ்டர்களே, கோச்சுகளே,

தசை ஏற்றும் ஸ்டீராய்டு போடாதே என்று பாடம் எடுக்க இதை எழுதவில்லை. அதைச் சொல்ல ஆள் நிறைய இருக்கிறது, நானும் அந்தக் கட்சிதான். ஆனால் உங்களிடம் வருகிற பையன் பாதி முடிவோடுதான் வருகிறான் என்பது எனக்கும் தெரியும். நான் எக்கோ, அதாவது இதய ஸ்கேன், எடுக்கும் அறையில் வேலை பார்ப்பவன், கேட்க வந்தது எந்த வாரம் எந்த ஸ்டீராய்டு எவ்வளவு என்று நீங்கள் எழுதிக் கொடுக்கும் அந்தச் சைக்கிள் சார்ட்டைப் பற்றித்தான்.

முதல் வாரத்திலிருந்து டெஸ்டோ (டெஸ்டோஸ்டிரோன் ஊசி) இவ்வளவு, நடுவில் மாத்திரை, முடிந்ததும் உடம்பின் சொந்த ஹார்மோனை மீட்க பி.சி.டி. மருந்து என்று கட்டம் போட்டு எழுதுகிறீர்கள். கல்லீரலுக்கு ஒரு மாத்திரை, மார்பு வீங்காமல் இருக்க இன்னொன்று, பருவுக்குக்கூட ஏதோ இருக்கிறது. பி.பி. எழுத மட்டும் ஏன் ஒரு கட்டம் இல்லை? கொலஸ்ட்ரால் எப்போது பார்ப்பது, எந்த எண்ணைத் தாண்டினால் ஊசியை நிறுத்துவது என்று ஒரு வரிகூட ஏன் இல்லை?

காரணம் எனக்குப் புரியாமல் இல்லை. பருவும் மார்பு வீக்கமும் கண்ணாடியில் தெரியும், பையன் வந்து புகார் சொல்வான். ரத்தக்குழாயில் கொழுப்பு படிவது தெரியாது, வலிக்கவும் வலிக்காது, அந்த நேரத்தில் அவன் பெஞ்சில் இன்னும் பத்து கிலோ ஏற்றிக்கொண்டிருப்பான்.

1989-ல் வெளியான ஒரு ஆய்வில், எடை தூக்கும் ஆண்களுக்கு வின்ஸ்ட்ரால் என்ற ஸ்டீராய்டு மாத்திரை தினமும் வெறும் 6 மில்லிகிராம், ஆறே வாரம் கொடுத்தார்கள். நல்ல கொலஸ்ட்ராலான எச்.டி.எல். 33 சதவீதம் இறங்கியது. அதே ஆட்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஊசி வாரம் 200 மில்லிகிராம் போட்டபோது 9 சதவீதம்தான். மாத்திரைதானே, ஊசி அளவுக்கு ஆபத்தில்லை என்று சொல்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். உங்கள் சார்ட்டில் 6 மில்லிகிராம் என்றா எழுதுகிறீர்கள்?

அடுத்து 2017-ல் 140 எடைப் பயிற்சியாளர்களைப் பார்த்தார்கள். இதயத்தின் இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் எத்தனை சதவீத ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்பதைத்தான் ஈ.எஃப். என்கிறோம். ஸ்டீராய்டே தொடாதவர்களுக்கு அது சராசரியாக 63, பயன்படுத்தியவர்களுக்கு 52. அந்தச் சமயத்தில் மருந்தில் இருந்தவர்களை மட்டும் எடுத்தால் 49, நிறுத்தியிருந்தவர்களுக்கு 58. நிறுத்தினால் ஓரளவு தேறும் என்றுதான் இதைப் படிக்கத் தோன்றுகிறது. ஆனால் அதே ஆய்வில் பயன்படுத்தியவர்களின் இதயத் தமனிகளில் படிவும் கூடுதலாக இருந்தது, ஊசியை நிறுத்திவிட்டோம் என்பதற்காக அது கரைந்து போய்விடாது.

"ஸ்போர்ட்ஸ்மேன் ஹார்ட் சார், கொஞ்சம் பெரிசாத்தான் இருக்கும்" என்று எக்கோ மேசையில் படுத்துக்கொண்டே சொல்வார்கள், அதுவும் உங்களிடம் கேட்டதுதான். நீண்ட தூரம் ஓடுகிறவனின் இதயம் அறை விரிந்து, துடிப்புக்கு நடுவே நன்றாகத் தளரும். நான் பார்க்கும் இந்த இதயங்களில் சுவர் தடித்து விறைத்திருக்கும், ரத்தம் உள்ளே நிரம்பும்போதே தடுமாறும். "ஏதாவது எடுக்கிறீங்களா?" என்று கேட்டால், விலா இடுக்கில் ஸ்கேன் கருவியின் ப்ரோபை வைக்க இடம் தேடும் அளவுக்கு மார்புத் தசையை வைத்துக்கொண்டு, "புரோட்டீன் மட்டும்தான் சார்" என்பார்கள். மருத்துவரிடம் உண்மையைச் சொல்லச் சொல்லி அனுப்புங்கள். டெக்கா மாதிரி ஸ்டீராய்டு ஊசிகள் கடைசியாகப் போட்டு வாரக்கணக்கில் உடம்பில் நிற்கும், அது தெரியாமல் ரிப்போர்ட்டைப் படிப்பது குருட்டு வேலை.

பி.பி. விஷயத்துக்கு வருகிறேன், இதில்தான் நீங்கள் உடனே ஏதாவது செய்ய முடியும். பி.பி. பார்க்கக் கையில் சுற்றும் பட்டை, அதாவது கஃப், கடையில் கிடைக்கும் சாதாரண அளவில் 22 முதல் 32 சென்டிமீட்டர் கைக்கு. 45 சென்டிமீட்டர் கையில் அதை இழுத்துக் கட்டினால் பி.பி. கூடுதலாகக் காட்டும், அது நிஜம்தான். ஆனால் அந்த நிஜத்தை வைத்தே 150, 160 எல்லாவற்றையும் "கஃப் சின்னது" என்று தள்ளிவிடுகிறீர்கள். பெரிய கஃப் ஒன்று வாங்கி ஜிம்மில் வையுங்கள். பயிற்சிக்கு முன் குடிக்கும் ப்ரீ-ஒர்க்கவுட் பானத்துக்கும் முன், ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, கால் தரையில், கை இதய உயரத்தில். 130/80-க்கு மேலேயே திரும்பத் திரும்ப நின்றால் மருத்துவரிடம் போகட்டும். தெல்மிசார்டான் என்ற பி.பி. மாத்திரையை உங்கள் பையிலிருந்து எடுத்துக் கொடுக்காதீர்கள், பொட்டாசியமும் சிறுநீரகமும் பார்க்காமல் கொடுக்கும் மருந்து இல்லை அது.

ரத்தப் பரிசோதனை தொடங்கும் முன் ஒன்று, நடுவில் ஒன்று, முடிந்தபின் ஒன்று. கொலஸ்ட்ரால், சர்க்கரை, சிறுநீரகம், ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைச் சொல்லும் ஹீமாடோக்ரிட். கடைசியாகச் சொன்னது 54 சதவீதத்தைத் தாண்டினால், மருத்துவத்துக்காக டெஸ்டோஸ்டிரோன் போடுகிறவர்களுக்கே மருத்துவர்கள் ஊசியை நிறுத்திவிடுவார்கள், நீங்களோ ரத்த தானம் பண்ணிவிட்டுத் தொடரச் சொல்கிறீர்கள். இரும்புச்சத்துதான் காலியாகும், ஊசி தொடர்ந்தால் எண் மறுபடி ஏறிவிடும். சிறுநீரகத்துக்குப் பார்க்கும் கிரியேட்டினின் தசை அதிகமுள்ளவனுக்குச் சும்மாவே கூடியிருக்கும், சந்தேகம் வந்தால் தசையை அவ்வளவாகச் சாராத சிஸ்டாட்டின் சி என்ற பரிசோதனையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இதெல்லாம் செய்துவிட்டால் ஊசி பாதுகாப்பாகிவிடும் என்று நான் சொன்னதாக எங்கும் போய்ச் சொல்லாதீர்கள். டென்மார்க்கில் ஜிம்களில் நடந்த ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டிய ஆயிரத்துச் சொச்சம் ஆண்களை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்ததில், மற்ற ஆண்களைவிட மாரடைப்பு சுமார் மூன்று மடங்கு, இதயத் தசை நோய் சுமார் ஒன்பது மடங்கு. பரிசோதனை எல்லாம் எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான்.

அப்புறம் போட்டி வாரம். தண்ணீரைக் குறைத்து, சிறுநீரைக் கூட்டி உடம்பு நீரை வெளியேற்றும் டையூரடிக் கொடுத்து, மேலே கொழுப்பைக் கரைக்க என்று கிளென் (கிளென்பியூட்டரால்) வேறு. பல டையூரடிக்குகளும் கிளெனும் பொட்டாசியத்தை இறக்கும், கிளென் துடிப்பையும் ஏற்றிவிடும், ஏற்கெனவே தடித்த இதயம் அந்த நிலையில் தாளம் தப்பினால் சில நிமிடங்கள்தான் கையில் இருக்கும். இந்த வாரத்துக்கு எந்தப் பரிசோதனையும் உதவாது, இந்த இரண்டையும் சார்ட்டிலிருந்து அடித்துவிடுங்கள். மேடைக்குப் பின்னால் யாராவது படபடக்கிறது என்றாலோ சுருண்டு விழுந்தாலோ குளுக்கோஸ் கரைத்துக்கொண்டு நிற்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், நினைவில்லாமல் மூச்சு நின்றிருந்தாலோ சரியாக வராவிட்டாலோ மார்பை அழுத்தத் தொடங்குங்கள், வந்தவர்களிடம் எந்த மாத்திரை, எத்தனை, எத்தனை மணிக்கு என்று மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.