சந்தேகம் வந்தால் எந்தப் பக்கம்? மருமகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மருமகனுக்கு,

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் நீ கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. "சோத்துல கை வெச்சுக்கிட்டு எதுக்குடா சாவுப் பேச்சு" என்று உன் அப்பா அதட்டினான், நீயும் தலையைக் குனிந்து மீன் முள்ளை எடுக்கப் போய்விட்டாய். நீங்கள் கிளம்பிப் போன பிறகும் அந்தக் கேள்வி ராயபுரத்தில் என் வீட்டிலேயே தங்கிவிட்டது. நேரில் சொன்னால் பாதியில் தொண்டை அடைத்துவிடும், அதனால் எழுதுகிறேன். பழைய மகாபலிபுரம் சாலையில் உன்னைப் போன்ற பிள்ளைகளுக்கு, இப்போது உன்னைக் கூப்பிட்டிருப்பது போல, குண்டுக்குக் குறி காட்டும் மென்பொருள் எழுதுகிற வேலை இனி நிறைய வரும், அவர்களும் படிக்கட்டும் என்றுதான் எல்லோரும் பார்க்கிற இடத்தில் போடுகிறேன். உன் பேரையும் கம்பெனி பேரையும் எழுதவில்லை.

நீ கேட்டது இதுதான். "அத்தை, மேல இருந்து கேமரா நல்லா பார்த்து, குண்டு சரியா குறியில விழுந்தா அப்பாவி ஜனம் சாகறது குறையும்தானே? அப்ப அந்த சாஃப்ட்வேர எழுதறது நல்ல காரியம்தானே?"

உன் கேள்வியில் கள்ளம் இல்லை. பாதி சரியும்கூட. 1945 மார்ச் 9 இரவு தொடங்கி விடிவதற்குள் டோக்கியோவில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேரை எரித்தார்கள். அங்கே குறி என்று தனியாக ஒன்று இல்லை, ஊரே குறி. அதற்கு ஒரு ஜன்னலைப் பார்த்து விழுகிற குண்டு மேல் என்று நீ சொன்னால் மறுக்க மாட்டேன்.

நம் சென்னைக்கும் ஒரு கதை உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் வந்து துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது. என் ஆயாவுக்கு அப்போது ஒன்பது வயது. வடித்த சோற்றைப் பானையோடு தூக்கிக்கொண்டு திருவள்ளூர் பக்கம் நடந்தார்களாம். கப்பலின் தலைவன் முல்லர் குறிவைத்தது எண்ணெய்த் தொட்டியைத்தான், ஊரை அல்ல. இருந்தாலும் துறைமுகத்தில் நின்ற ஒரு வணிகக் கப்பலில் மாலுமிகள் செத்தார்கள். சில குண்டுகள் ஊருக்குள்ளும் வந்து விழுந்தன. ஐகோர்ட் சுவரில் அதற்குக் கல்வெட்டு இருக்கிறது, சின்னப் பையனாக இருந்தபோது உன்னைக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறேன். எம்டன் என்பது கெட்டிக்காரனுக்குப் பட்டப்பெயராகி நம் வாயில் தங்கிவிட்டது. செத்த மாலுமிகளின் பெயர் யார் வாயிலும் இல்லை.

அந்தக் குண்டுக்குக் கண் இல்லை. இப்போது கண் வந்துவிட்டது என்கிறாய். கண் இருந்தும் என்ன ஆனது என்று சொல்கிறேன்.

2021 ஆகஸ்ட் 26 அன்று காபூல் விமான நிலைய வாசலில் குண்டு வெடித்து 13 அமெரிக்கப் படையினரும் சுமார் 170 ஆப்கானியரும் இறந்தார்கள். அடுத்த குண்டும் வரும் என்ற பயம் எல்லோருக்கும். மூன்றாம் நாள், 29 அன்று, ஒரு வெள்ளை டொயோட்டா கொரோலா காரை அமெரிக்க ட்ரோன்கள் ஏறக்குறைய எட்டு மணி நேரம் பின்தொடர்ந்தன. ஆட்கள் அதில் கனமான எதையோ ஏற்றினார்கள். மேலிருந்து பார்த்தவர்களுக்கு அது வெடிமருந்தாகத் தெரிந்தது. கார் வீட்டுக்குள் நுழைந்ததும் ஏவுகணை வந்தது. பத்துப் பேர் இறந்தார்கள், அதில் ஏழு பேர் குழந்தைகள். காரை ஓட்டியவர் ஓர் அமெரிக்கத் தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். காரில் ஏற்றியது தண்ணீர் கேன். முதலில் இது நியாயமான தாக்குதல் என்றார்கள். செப்டம்பர் 17 அன்று தவறு நடந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டார்கள். யாருக்கும் தண்டனை இல்லை என்று டிசம்பரில் சொல்லிவிட்டார்கள்.

தண்ணீர் கேன், கண்ணா. நம் தெருவில் காலை ஆறு மணிக்கு மீன்பாடி வண்டியில் என்ன வருகிறது? இருபது லிட்டர் கேனை இரண்டு பையன்கள் இறக்குவார்கள், ஏற்றுவார்கள், சந்துக்குள் ஓடுவார்கள், வெளியே வருவார்கள். இந்த ஊரை மேலிருந்து எட்டு மணி நேரம் பார்க்கிறவனுக்கு, அவன் எதை நினைத்துக்கொண்டு பார்க்கிறானோ அதுதான் தெரியும்.

காபூலில் குறி தப்பவில்லை. ஏவுகணை எங்கே விழ வேண்டுமோ அங்கேதான் விழுந்தது. தப்பியது அறிவு. உன் கேள்வி முழுக்கக் குறியைப் பற்றி, அதனால்தான் எனக்கு அது போதவில்லை. குறியை நீங்கள் சரிசெய்துவிடுவீர்கள், உங்களுக்கு அந்தத் திறமை இருக்கிறது. திரையில் ஓர் உருவம் தெரிகிறது, அது யார் என்று தெரியவில்லை. அப்போது உன் புரோகிராம் என்ன செய்யும்? எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் தானாக வந்து நிற்கிற மதிப்பை டீஃபால்ட் என்பீர்களே, அதைத்தான் கேட்கிறேன்.

சட்டம் இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. போருக்கு விதி வகுக்கிற ஜெனீவா ஒப்பந்தங்களோடு 1977-ல் சேர்த்த முதல் கூடுதல் நெறிமுறையில் 50-வது பிரிவு: ஒருவர் பொதுமக்களில் ஒருவரா இல்லையா என்று சந்தேகம் வந்தால், பொதுமக்களில் ஒருவர் என்றே கொள்ள வேண்டும். எனக்குத் தெரிந்த சட்ட வரிகளில் இவ்வளவு கருணையும் இவ்வளவு தெளிவும் சேர்ந்த வரி குறைவு. இந்தியா அந்த நெறிமுறையில் சேரவில்லை, அமெரிக்காவும் இஸ்ரேலும் இலங்கையும்கூடச் சேரவில்லை. சேராததால் அந்த வரி பொய்யாகிவிடாது.

முப்பத்தொரு வருஷம் தமிழ் நடத்தியவள், புறநானூறு இல்லாமல் என்னால் யோசிக்க முடியாது. ஒன்பதாம் பாட்டு நெட்டிமையார் பாடியது. பாண்டிய மன்னன் முதுகுடுமிப் பெருவழுதி போருக்கு முன்னால் அறிவிக்கிறான்: பசுக்களே, பார்ப்பனரே, பெண்களே, நோயாளிகளே, இன்னும் பிள்ளை பெறாதவர்களே, "எம் அம்பு கடி விடுதும், நுன் அரண் சேர்மின்". அம்பு விடப்போகிறோம், உங்களுக்குக் காவலான இடத்துக்குப் போய்விடுங்கள். இதை வகுப்பில் எத்தனை பெருமையோடு நடத்தியிருக்கிறேன்! ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள்தான் உறைத்தது. அது ஒரு பட்டியல். பட்டியலில் இல்லாத உழவன், குயவன், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், அவனெல்லாம் அம்புக்கு உரியவனா? பதினைந்தாம் பாட்டில் அதே புலவர் அதே அரசனைப் புகழ்கிறார். பகைவர் ஊரில் தேர் ஓடிக் குழியான தெருவில் கழுதையைப் பூட்டி உழுது பாழாக்கினாயே என்று புகழ்கிறார். காவலான இடத்துக்குப் போனவர்கள் திரும்பி வந்து எந்தத் தெருவில் நின்றிருப்பார்கள்?

புதிய சட்டம் அந்தப் பட்டியலைத் திருப்பிப் போட்டது. யாரை விடலாம் என்று எண்ணாதே, யாரைத் தாக்கலாம் என்று மட்டும் எண்ணு, மீதி அத்தனை பேரும் காப்புக்கு உரியவர்கள் என்றது. இரண்டாயிரம் வருஷத்தில் மனித குலம் ஏறிய ஒரு படி அது. 2012 மே மாதம் நியூயார்க் டைம்ஸில் ஒரு செய்தி வந்தது. அமெரிக்க ட்ரோன் தாக்குதல்களில், குண்டு விழுகிற வட்டத்துக்குள் இருக்கிற, ஆயுதம் தூக்குகிற வயதுள்ள ஆண்கள் எல்லோரையும் போராளிகள் கணக்கில் சேர்க்கிறார்கள், அப்பாவி என்று செத்த பிறகு சான்று கிடைத்தால்தான் கணக்கிலிருந்து எடுக்கிறார்கள் என்று. டீஃபால்ட் மாறிவிட்டது. ஏறிய படியிலிருந்து இறங்கிவிட்டார்கள்.

அடுத்து நீ சொல்லப்போவது தெரியும். "முன்னாடியே எச்சரிக்கை கொடுத்துடறாங்க அத்தை. நோட்டீஸ் போடறாங்க, போன் பண்றாங்க."

2015 டிசம்பரை நினைத்துப் பார். சைதாப்பேட்டையில் ஆற்றுத் தண்ணீர் ஏறியபோது உங்கள் தெருவிலும் கிளம்பச் சொன்னார்கள். தாத்தா கிளம்பினாரா? பக்கவாதத்தில் கிடந்தவரை இடுப்பளவு தண்ணீரில் யார் தூக்குவது? நீயும் உன் அம்மாவும் அவரோடு மொட்டை மாடியில் இரண்டு ராத்திரி இருந்தீர்கள். போகாமல் தங்கியவர்கள் எல்லோரும் இப்படித்தான். பிடிவாதம் யாருக்கும் இல்லை. படுக்கையில் ஒருவர், பிரசவத்துக்கு ஒருத்தி, போக இடம் இல்லாத நாலு பேர். வெள்ளத்துக்கு யார் மீதும் சந்தேகம் கிடையாது. போரில் அப்படி இல்லை. எச்சரித்த பிறகும் அங்கே இருக்கிறவன் எதிரியாகத்தான் இருப்பான் என்ற நினைப்பு மெல்ல வந்துவிடும். காப்பாற்றச் சொன்ன சொல்லே குற்றம் சாட்டுகிற சொல்லாக மாறும்.

என் வகுப்பில் ஒரு பையன் படித்தான், இலங்கையில் வன்னியிலிருந்து வந்தவன். அவன் அம்மா ஒரு மாலை பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் என்னிடம் சொன்னதை மறக்க முடியவில்லை. "டீச்சர், அவங்கள் போகச் சொன்ன இடத்துக்குத்தானே நாங்கள் போனனாங்கள்." 2009 ஜனவரி 21 அன்று சுதந்திரபுரம், உடையார்கட்டுப் பக்கத்தை இலங்கை அரசு பாதுகாப்பு வலயம் என்று அறிவித்தது. அங்கே செல், அதாவது பீரங்கிக் குண்டு, விழுந்தது. பிப்ரவரி 12 அன்று மாத்தளன் முதல் முள்ளிவாய்க்கால் வரை கடற்கரையைக் காட்டியது. அங்கேயும் விழுந்தது. மே 8 அன்று அதையும் சுருக்கியது. ஆஸ்பத்திரிகள் எங்கே இருக்கின்றன என்று இராணுவத்துக்குத் தெரியும், ஆஸ்பத்திரிகள் மீதும் விழுந்தது. 2011-ல் ஐ.நா. நிபுணர் குழு, இறந்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்பதைத் தள்ளிவிட முடியாது என்று எழுதியது. அதே அறிக்கை புலிகள் மக்களைப் போகவிடாமல் தடுத்ததையும், தப்பி ஓடியவர்களைச் சுட்டதையும் எழுதியிருக்கிறது. நம் ஆட்கள் பலர் இந்தப் பாதியை மட்டும் படிக்காமல் தாண்டுவார்கள். நான் தாண்ட மாட்டேன். அந்த அம்மாவும் தாண்டவில்லை, அவள் தம்பியைச் சுட்டது எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரியும். எதிரி ஜனத்துக்குள் ஒளிந்தால் அது அவன் செய்த குற்றம். அதனால் அந்த ஜனம் அவன் உடைமை ஆகிவிடாது, என் கடமையும் தீர்ந்துவிடாது.

காசாவின் பரப்பு சுமார் 365 சதுர கிலோமீட்டர், நம் மாநகராட்சி 426. 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் நடத்திய தாக்குதலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலும் பொதுமக்கள். சுமார் 250 பேரைப் பிணையாகக் கொண்டுபோனார்கள். அது கொடுமை, வேறு சொல் கிடையாது. ஆறாம் நாள் இஸ்ரேல் காசாவின் வடபாதியில் இருந்த 11 லட்சம் பேரை 24 மணி நேரத்தில் தெற்கே போகச் சொன்னது. வண்ணாரப்பேட்டையிலும் பெரம்பூரிலும் இருக்கிற அத்தனை பேரையும் நாளைக் காலைக்குள் அடையாறு தாண்டிவிடு என்று சொன்னால்? ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் வென்டிலேட்டரில் கிடப்பவர்களை என்ன செய்வாய்? 2025 ஜூலைக்குள் காசா சுகாதார அமைச்சகத்தின் கணக்கு 60,000-ஐத் தாண்டியது. அந்தக் கணக்கு போராளியையும் பொதுமக்களையும் பிரிக்கவில்லை என்பதும் தெரியும். அதில் எத்தனை ஆயிரம் குழந்தைகள் என்பதும் தெரியும்.

2003-ல் ஈராக் போர் தொடங்கியபோது, ஒரு தாக்குதலில் 30 பொதுமக்களுக்கு மேல் சாவார்கள் என்று கணக்கு வந்தால் பாதுகாப்பு அமைச்சரின் ஒப்புதல் வேண்டும் என்று அமெரிக்கா வைத்திருந்தது. அந்த 30-ல் கொஞ்சம் அக்கறையும் இருக்கிறது, யாரோ எண்ணியிருக்கிறார்களே! ஆனால் முப்பது என்பது என் எட்டாம் வகுப்பு. வருகைப் பதிவேட்டில் நான் தினமும் கூப்பிட்ட பெயர்கள். அதற்குக் கீழே வந்தால் மேலே கேட்க வேண்டியதில்லை.

நான் போரே வேண்டாம் என்று சொல்கிற சாமியார் இல்லை. 2025 மே மாதம் பூஞ்சில் பாகிஸ்தான் பீரங்கியில் நம் ஜனம் செத்தபோது, திருப்பி அடிக்க ஒரு படை இருக்க வேண்டும் என்றுதான் எனக்கும் இருந்தது. அந்த வாரம் நம் குடும்ப வாட்ஸப்பில் ஒருவர் "குழந்தை குட்டி எல்லாம் சேர்த்து அழிக்கணும்" என்று போட்டார். பன்னிரண்டு பேர் கைகூப்பி வைத்தார்கள். நீ வைக்கவில்லை, அதைப் பார்த்துக்கொண்டேன். அதனால்தான் இந்தக் கடிதமே.

வீட்டுக் கடன் இருக்கிறது, இப்போது இருக்கிற இடத்தில் ஆட்களைக் குறைக்கிறார்கள், எல்லாம் தெரியும். வேலையை விட்டுவிடு என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. உன்னைப் போன்றவன் அந்த அறையில் இருப்பதே நல்லது என்று ஒரு நேரம் தோன்றுகிறது, இன்னொரு நேரம் அந்த நினைப்பே பயமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை பதில் சொல்ல வேண்டும் என்றாயே. அதற்கு முன்னால் அவர்களைக் கேள். யார் என்று தெரியாத உருவத்தை உங்கள் மென்பொருள் எந்த நிறத்தில் காட்டும்? "தெரியவில்லை" என்று பதில் சொல்ல அதற்கு இடம் வைத்திருக்கிறீர்களா, இல்லை நூற்றுக்கு இத்தனை என்று ஏதாவது ஓர் எண்ணைச் சொல்லியே ஆக வேண்டுமா? அடித்து முடித்த பிறகு போய் யார் எண்ணுவார்கள், தப்பு என்று தெரிந்தால் அந்தத் தகவல் உன் மேசைக்குத் திரும்பி வருமா? சொல்லுகிற பதிலை வார்த்தை மாற்றாமல் எழுதி எடுத்துக்கொண்டு வியாழக்கிழமை ராத்திரி வீட்டுக்கு வா. உன் அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். படுக்கை போட்டு வைக்கிறேன், காலையில் இங்கிருந்தே ஆபீஸ் போகலாம்.

அன்புடன்,
உன் அத்தை
ராயபுரம்